அவுட்டானது போர்மேன்

2011 மார்ச் 20, சேப்பாக்கம். உலகக் கோப்பை, எதிரே வெஸ்ட் இண்டீஸ். சச்சின் கையில் 99 சதங்கள். நூறாவதைப் பார்த்துவிடலாம் என்றுதான் பாதிக் கூட்டம் டிக்கெட் வாங்கியிருக்கும். அவர் எடுத்தது 2. ராம்பால் போட்ட பந்து மட்டையில் உரசிக் கீப்பர் கைக்குப் போனது. அம்பயர் ஸ்டீவ் டேவிஸ் அவுட் தரவில்லை. சச்சின் தானாக நடையைக் கட்டினார். நூறாவது சதத்துக்கு அடுத்த ஆண்டு மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கு முந்தின நாள் கொழும்பு. ஆஸ்திரேலியக் கேப்டன் பாண்டிங். ஹஃபீஸ் பந்து மட்டையில் பட்டுக் கீப்பரிடம் போனது. பாண்டிங் அசையவில்லை. அம்பயரும் கை தூக்கவில்லை. பாகிஸ்தான் ரிவ்யூ கேட்டுத்தான் அவரை வெளியேற்ற முடிந்தது. பட்டது எனக்குத் தெரியும், ஆனால் அம்பயர் சொல்லும்வரை நிற்பதுதான் என் வழக்கம் என்று பிறகு பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

எனக்குப் பாண்டிங் மீது கோபமே இல்லை. போக மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் நின்றவர். நமக்கு வாய்த்தவர்கள் வேறு ரகம். நேர்மை பற்றி ஒரு மணி நேரம் மைக்கைப் பிடித்துப் பேசிவிட்டு, ஸ்டம்ப் மூன்றும் தரையில் கிடக்க, கார்டு எடுத்து அடுத்த பந்துக்குத் தயாராகிறவர்கள்.

கிரிக்கெட் உலகமும் இந்தப் போதனையில் குறைந்ததல்ல. 2013-இல் டிரெண்ட் பிரிட்ஜில் ஸ்டூவர்ட் பிராட் மட்டையில் பட்ட பந்து ஸ்லிப்பில் நின்ற கிளார்க் கைக்குப் போனது. மைதானமே பார்த்தது. அம்பயர் அலீம் தார் மட்டும் பார்க்கவில்லை. ஆஸ்திரேலியாவிடம் ரிவ்யூ மிச்சமில்லை. பிராட் ஆடாமல் அசையாமல் நின்றார். இங்கிலாந்து 14 ரன்னில் ஜெயித்தது. முணுமுணுப்பு எழுந்தது, அடங்கியது. 2019-இல் ஜெய்ப்பூரில் நம் அஸ்வின், பந்து போடுமுன்னே கோட்டைத் தாண்டிப்போன பட்லரை ரன் அவுட் செய்தார். விதிப்படி அவுட். உடனே கனவான்கள் கண்ணீர் விட்டார்கள். விதிகளை எழுதும் எம்.சி.சி. முதலில் விதிப்படி சரி என்றது, மறுநாள் ஆட்டத்தின் ஆன்மாவுக்கு விரோதம் என்றது. 2022 அக்டோபரில் அதே எம்.சி.சி. அதை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற தலைப்பிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் தலைப்பில் சேர்த்துவிட்டது. அவுட்டாகியும் நிற்பவனுக்கு மனவுறுதி என்று பாராட்டு. விதிப்படி அவுட்டாக்கியவனுக்கு ஒழுக்க வகுப்பு. பழகிய கதைதான்.

நம் கிரிக்கெட் வாரியத்தின் கதை இன்னும் சுவை. 2013 மே மாதம் ஐ.பி.எல். சூதாட்ட வழக்கில் குருநாத் மெய்யப்பன் கைதானார். சென்னை சூப்பர் கிங்ஸ் பெவிலியனில் எப்போதும் தெரிந்த முகம். அணியை வைத்திருந்த இந்தியா சிமென்ட்ஸின் நிர்வாக இயக்குநர் என். சீனிவாசனுக்கு மாப்பிள்ளை. மாமனார் அப்போது கிரிக்கெட் வாரியத் தலைவரும்கூட. மாப்பிள்ளைக்கும் அணிக்கும் என்ன தொடர்பு? அவர் வெறும் கிரிக்கெட் ஆர்வலர் என்றார்கள். நீங்களும் நானும் ஆர்வலர்கள்தான். நம்மைக் கேட் வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் குழு அந்த 'ஆர்வலர்' வாதத்தை ஏற்கவில்லை. சீனிவாசனுக்கு மேட்ச் ஃபிக்ஸிங்கில் பங்கில்லை என்றும் அதே குழு பிறகு சொன்னது. அதையும் எழுதிவிடுவதே நியாயம். ஆனால் நாற்காலி? விலகு என்று நாடே கேட்டது. 'ஒதுங்கி' இருக்கிறேன் என்றார். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இவர் இன்னும் பதவியில் இருப்பது குமட்டுகிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு மூன்று மாதம் கழித்து அவர் ஐ.சி.சி. தலைவரானார். உள்ளூர் மைதானத்தில் அவுட் என்றால் உலக மைதானத்தில் ஓப்பனிங். இந்த வாரியம்தான் பதினாறு வயதுப் பையன்களுக்கு விளையாட்டு ஒழுக்கம் கற்றுத் தருகிறது.

சரி, கிரிக்கெட்டில் நிற்பவன் நின்றால் என்ன? எதிரணிக்கு ஒரு விக்கெட் நட்டம். யாரும் சாகமாட்டார்கள். எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு வாருங்கள். இங்கே சிலர் நகராமல் நிற்பதற்குப் பிண அறையில் கணக்கு எழுதுகிறார்கள்.

2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி. பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. சாவு எண்ணிக்கை நாற்பதை நெருங்கியது. காப்பாற்ற ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்ததாக அதிகாரிகளே பிறகு சொன்னார்கள். அதாவது அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். பேட்ஸ்மேன் ஆடிக்கொண்டிருந்தார். விரலைத் தூக்கிய அம்பயர், ஆள் போனானா என்று திரும்பிப் பார்க்கவில்லை. இப்படி ஒரு ஆட்டத்தைப் பாண்டிங்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். இருபது பேருக்கு மேல். உரிமம் ஒருவர் பெயரில். அறைகள் குத்தகை, உள்குத்தகை என்று பல கை மாறியிருந்தன. 2024 பிப்ரவரி 17, ராமுத்தேவன்பட்டி. மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இடைப்பட்ட சிறிய விபத்துகளை எழுதினால் பத்திரிகையில் ராசிபலனுக்கு இடம் இருக்காது.

செய்தி மட்டும் மாறுவதே இல்லை. மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வே காரணம். போர்மேன் கைது. உரிமையாளர் தலைமறைவு. தனிப்படை அமைப்பு. முதல்வர் இரங்கல், தலா இத்தனை லட்சம். ஆய்வுக் குழு. ஊர்ப் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பலாம். அச்சடிப்பதிலும் சிவகாசியை மிஞ்ச ஆள் கிடையாது.

இந்த உராய்வைப் பாருங்கள். பாவம், இத்தனை வருடமாக அது ஒன்றுதான் குற்றவாளி. அறைக்கு நான்கு பேர் என்ற விதியை மீறிப் பத்துப் பேரை உட்கார வைத்தது உராய்வு. தீபாவளி ஆர்டருக்காக மரத்தடியில் மருந்தைக் கொட்டி வேலை வாங்கியது உராய்வு. உரிமத்தை வாடகைக்கு விட்டதும் அதுதான். மட்டையில் மயிரிழை பட்டாலும் காட்டிக்கொடுக்க கிரிக்கெட்டுக்கு அல்ட்ரா எட்ஜ் இருக்கிறது, கோடிக்கணக்கில் செலவு. இங்கே உராய்வு பத்து கிலோமீட்டருக்குக் கேட்கிறது. அப்போதும் முடிவு 'நிலுவையில்'.

தெருக் கிரிக்கெட் ஆடிய எல்லோருக்கும் தெரியும், பேட்டிங் அணி ஆள்தான் அம்பயர். போல்டு ஆனாலும் 'ட்ரையல் பால்டா' என்பான். எங்கள் மாவட்டத்தில் ஒவ்வொரு வெடிவிபத்தும் ட்ரையல் பால்தான். அடுத்த பந்திலிருந்துதான் ஆட்டம் கணக்கு. இன்னொன்று. கிரிக்கெட் விதிப்படி எதிரணி அப்பீல் செய்யாமல் அம்பயர் அவுட் கொடுக்க முடியாது. இங்கே அப்பீல் செய்ய வேண்டியவர் வெடியில் போய்விட்டார். அவர் மனைவிக்கு மறு வாரம் கூலி அதே சுற்றுவட்டாரத்தில்தான். அவர் எப்படி 'ஹவ் இஸ் தட்' என்று கத்துவார்?

சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். 1985-இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மலையில் மோதியது. அந்த நிறுவனத்தின் தலைவர் பொறுப்பேற்றுப் பதவியை விட்டுப் போனார். அந்தச் சரக்கை மட்டும் குட்டி ஜப்பான் இறக்குமதி செய்யவில்லை.

இத்தனைக்கும் இது நடந்து காட்டியவரின் ஊர். 1963 அக்டோபர் 2, முதலமைச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார் விருதுநகர்க் காமராஜர். யாரும் அப்பீல் செய்யவில்லை. கட்சிக்கு வேலை செய்யப் போகிறேன் என்றார், போனார். அடுத்த ஆண்டு அவர் பிரதமராக்கியது லால் பகதூர் சாஸ்திரியை. 1956 நவம்பரில் அரியலூரில் ரயில் ஆற்றில் கவிழ்ந்தபோது ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு நடந்தவர். ரயிலை ஓட்டியது சாஸ்திரி அல்ல. தண்டவாளத்தின் மீது பழி போட்டிருக்கலாம். அங்கேயும் உராய்வு இருந்திருக்குமே. 1967-இல் சொந்த ஊரே காமராஜரை 1,285 வாக்குகளில் அவுட் செய்தது. அம்பயரைத் திட்டாமல் போனார்.

இன்று அவர் சிலைக்கு மாலை போட வருகிற கார்களை எண்ணிப் பாருங்கள். மாலையைப் போட்டுவிட்டு நேரே ஏதாவதொரு கோப்பைப் பரிசளிப்பு விழாவுக்குப் போவார்கள். டென்னிஸ் பந்து டோர்னமெண்ட், முதல் பரிசு உபயம் இன்னார். தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்க வேண்டும் தம்பிகளே என்று பேசுவார்கள். தம்பிகள் கைதட்டுவார்கள். அவர்களில் ஒருவனுடைய அம்மா அந்த நேரம் ஆலை வேனுக்காக ரோட்டில் நிற்பாள்.

கிரிக்கெட்டில் முன்பு ரன்னர் என்று ஒருவர் உண்டு. காயம்பட்ட பேட்ஸ்மேனுக்காக ஓடுகிறவர். அந்த ரன்னர் ரன் அவுட் ஆனால், அடித்துவிட்டு நின்ற பேட்ஸ்மேனும் அவுட். 2011 அக்டோபரில் சர்வதேச ஆட்டங்களில் ரன்னரையே ஐ.சி.சி. ஒழித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ரன்னர் இன்னும் இருக்கிறார். பெயர் போர்மேன். ஓடுவதும் அவரே, அவுட் ஆவதும் அவரே, வேனில் ஏற்றப்படுவதும் அவரே. பேட்ஸ்மேன் தலைமறைவாக இருந்துகொண்டே முன்ஜாமீன் மனுவில் கையெழுத்துப் போடுகிறார். தீபாவளிக்குள் அடுத்த ரன்னர் தேவை. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதுமாம்.