பாட்டில் கழுவும் படலம்

அமெரிக்கக் கணவர்களில் ஒரு ரகம் உண்டு. சனிக்கிழமை காலை புல் வெட்டச் சொன்னால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கச் சொன்னால் சோப்பு கைக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டிலேயே பீர் காய்ச்சுவது என்று வந்துவிட்டாலோ, அதே மனிதர் ஐம்பது பாட்டிலை ஒவ்வொன்றாக லேபிள் சுரண்டி, பிரஷ் விட்டுக் கழுவி, கிருமிநாசினியில் முக்கிக் கவிழ்த்து வைப்பார். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது.

இந்தப் பொழுதுபோக்கில் முக்கால்வாசி கழுவுவதுதான். மிச்சம் காவல். முளைகட்டிய பார்லியின் மால்ட் சாறு ஒரு மணி நேரமாவது கொதிக்க வேண்டும். கசப்புக்காக ஹாப்ஸ் பூ போட்டதும் நுரை பொங்கி அடுப்பெல்லாம் வழியப் பார்க்கும். எனவே நகர முடியாது. துணி மடிக்கவும் முடியாது. அப்புறம் ஈஸ்ட் இரண்டு வாரம் வேலை செய்யும். வீட்டில் அதுவாவது செய்கிறதே என்று மனைவி ஆறுதல் கொள்ளலாம்.

சட்டமும் இவர் பக்கம். 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன், அதாவது 750 லிட்டருக்கு மேல், வரியில்லாமல் காய்ச்சலாம். விற்கத்தான் கூடாது. (முதல் அண்டாவை ருசி பார்த்தவர்கள் விலை கேட்கவும் மாட்டார்கள்.) மிசிசிப்பி, அலபாமா மாநிலங்கள் மட்டும் 2013 வரை முரண்டு பிடித்தன. அதுவரை அங்கே புல்லாவது ஒழுங்காக வெட்டியிருப்பார்கள்.

சிக்கனம் என்று சொல்லித்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அண்டா, வெப்பமானி, சாற்றை ஆற்றும் செப்புச் சுருள் எல்லாம் வாங்கி முடித்த வீட்டில் தயவுசெய்து கணக்குக் கேட்காதீர்கள்.