நாளை முதல் நான் வாட்ஸ்அப்பில் இல்லை

பொன்னேரியில் மின்சார ரயில் ஏறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற கூட்டத்தில் அவரைத் தவறவிட முடியாது. ஒரு கையில் டிபன் பை, மறு கையில் போன், முகத்தில் வாட்ஸ்அப் முதலாளி மார்க் ஸக்கர்பர்க் மீது தீராத பகை. சக பயணிகள் வைத்த பெயர் ‘வெளிநடப்பு’. சட்டசபை வெளிநடப்புக்கும் இவருடையதற்கும் ஒரே வித்தியாசம்தான். அங்கே உறுப்பினர்கள் நிஜமாகவே எழுந்து வெளியே போவார்கள்.

இவருடைய போராட்டம் எப்போதும் ஓர் அறிக்கையோடு தொடங்கும்: “நண்பர்களே, நாளை முதல் நான் வாட்ஸ்அப்பில் இல்லை.” அனுப்பிய கையோடு அதை அழுத்திப் பிடித்து, யார் யார் படித்தார்கள் என்று பார்ப்பார். நீல டிக் விழுந்தும் “போகாதீங்கண்ணா” என்று சொல்லாதவர்களின் பெயர் மனத்தில் ஏறிவிடும். 2014 நவம்பரில் அந்த நீல டிக் வந்தபோது, ‘மனுஷனுக்கு அந்தரங்கமே இல்லையா’ என்று முதலில் கொதித்தவரும் இவர்தான்.

வதந்தியை நம்பி ஊருக்கு ஊர் அப்பாவிகளை அடித்துக் கொன்ற 2018-இல், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது. பேச்சுரிமை பறிபோனதாக இவர் வெகுண்டார். 2020 ஏப்ரலில் பலமுறை கைமாறிய செய்திக்கு ஒரு சாட்டுதான் என்று இன்னும் இறுக்கினார்கள். இவர் ஃபார்வர்டு செய்த கண்டன அறிக்கையிலேயே இரட்டை அம்புக்குறி முளைத்தது. அசரவில்லை. காப்பி எடுத்து, மேலே ஒரு ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூவைச் சேர்த்துப் புதுச் செய்தியாக விட்டார்.

அவருக்குப் பொற்காலம் 2021 ஜனவரி. புதிய தனியுரிமைக் கொள்கையை பிப்ரவரி 8-க்குள் ஏற்க வேண்டும் என்று வாட்ஸ்அப் அறிவித்தது. நம் தகவலெல்லாம் பேஸ்புக்குக்குப் போகப்போகிறது என்று நாடே பதறியது. சிக்னல் செயலிக்கு மாறச் சொல்லி எலான் மஸ்க் ட்வீட் போட்டார், ஆங்கிலத்தில் இரண்டே சொல். வெளிநடப்பு அதற்கு நாலு பக்கம் பொழிப்புரை எழுதினார். ரயில் குரூப்பில் பாதிப் பேர் சிக்னலுக்குப் போனார்கள். மீதிப் பேர் டெலிகிராமுக்கு. கூட்டம் தாங்காமல் ஜனவரி 15 அன்று சிக்னலே படுத்துவிட்டது.

“கவரப்பேட்டைல சிக்னல் இல்ல, வண்டி நிக்குது” என்று ஒருவர் பழைய குரூப்பில் போட்டார்.

“அப்ப டெலிகிராமுக்கு வாங்க” என்று பதில் போட்டார் வெளிநடப்பு. பதில் வந்ததும் பழைய குரூப்பில்தான்.

வாட்ஸ்அப் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சமாதானம் சொன்னது. கெடுவை மே 15-க்குத் தள்ளியது. கடைசியில், ஏற்காதவர்களின் கணக்கும் பறிபோகாது என்றது. வெளிநடப்பு வெற்றி விழா எடுத்தார், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். 2024 நவம்பரில் அதே கொள்கைக்காக இந்தியப் போட்டி ஆணையம் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, “அன்னிக்கே சொன்னேன்ல?” என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தார். இடையில் அந்தக் கொள்கைக்கு ‘ஏற்கிறேன்’ அழுத்தியிருந்தது அவருக்கு நினைவில்லை.

அவரை வெறும் வாய்ச்சொல் வீரர் என்றும் தள்ளிவிட முடியாது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் பேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்தை எதிர்த்து 2015 கடைசியில் லட்சக்கணக்கானோர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பினார்களே, அதில் அவருடையதும் ஒன்று. தளத்துக்குள் கத்தாமல், தளத்தைக் கட்டுப்படுத்தும் இடத்தில் மனு கொடுத்த போராட்டம் அது; பலித்தது. தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வாங்கக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் தடை போட, சில நாளிலேயே பேஸ்புக் திட்டத்தைச் சுருட்டிக்கொண்டது. ஒரு சின்னச் சிக்கல்: திட்டத்தை ஆதரித்து டிராய்க்கு எழுதச் சொல்லி பேஸ்புக்கும் ஒரு பொத்தானை நீட்டியிருந்தது. வெளிநடப்பு அதையும் அழுத்தியிருந்தார். பொத்தான் என்று ஒன்று கண்ணில் பட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

2025 செப்டம்பரில் சோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலி திடீரென்று பிடித்துக்கொண்டது. நாளுக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில், மூன்றே நாளில் அது நாளுக்கு 3.5 லட்சம் பேராக எகிறிவிட்டது என்று சோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். நம்ம ஊர்ச் செயலி! அந்த 3.5 லட்சத்தில் வெளிநடப்பும் இருந்தார். அப்போது அதில் எழுத்துச் செய்திகளுக்கு முழு மறையாக்கம் வரவில்லை என்று ஓர் இளைஞன் இழுத்தான். 2021-இல் அந்தரங்கத்துக்காகக் கொடி பிடித்தவர், “தேசத்துக்கிட்ட மறைக்க நமக்கு இன்னாப்பா இருக்குது?” என்றார்.

“சரிண்ணா, அதுல யாரெல்லாம் கீறாங்க?”

“நானும் எங்க சூப்பர்வைசரும். அவரு ஆன்லைன்ல இருந்தா நான் உள்ள போமாட்டேன்.”

இப்போது அவருடைய குறி, வாட்ஸ்அப்பில் கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கிற மெட்டா ஏஐ வட்டம். போன வாரம் அதைக் கண்டித்து வந்த அறிக்கையில் வழக்கமான ஒற்றுப்பிழைகள் ஒன்றுகூட இல்லை. தலைப்பு, துணைத்தலைப்பு, ஐந்து அம்சக் கோரிக்கை என்று கச்சிதமாக இருந்தது. கடைசி வரியை மட்டும் அழிக்க மறந்திருந்தார்: “இதை இன்னும் காட்டமாக மாற்றித் தரட்டுமா?”