சிறுநகரப் போட்டோ ஸ்டுடியோ: இட அமைப்பும் நிர்வாக முறையும்

சிறுநகரப் போட்டோ ஸ்டுடியோ என்பது ஒரே வாசலுள்ள ஒடுங்கிய வாடகைக் கட்டடத்தில் இயங்கும் நிறுவனம். தமிழ்நாட்டில் இது பஸ் நிலையத்துக்கோ தாலுகா அலுவலகத்துக்கோ கூப்பிடு தூரத்தில், ஜெராக்ஸ் கடையை ஒட்டிக் காணப்படும். பல ஊர்களில் ஜெராக்ஸ் கடையும் அதுவேதான். இந்நிறுவனத்தில் கேமராவுக்கு உள்ள பங்கு மிகச் சொற்பம் என்பது இவ்வாய்வின் துணிபு. ஸ்டுடியோ விளக்கில் ஒரு படம் எடுக்க ஷட்டர் திறந்திருக்கும் நேரம் வழக்கமாக ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்கு. மாதத்துக்கு 1000 படம் எடுத்தாலும் கேமரா உழைத்தது மொத்தம் 8 நொடி. மாதத்தின் மீதி நேரம் சீப்பு, ஸ்டூல், பில் புக், கத்தரிக்கோல் ஆகியவற்றுக்கு உரியது. ஆகவே இடத்தையும் அவற்றுக்கே ஒதுக்க வேண்டும்.

முதற்பகுதி கவுன்ட்டர். அதன் கண்ணாடிக்கு அடியில் ஸ்டாம்ப் சைஸ் முதல் பன்னிரண்டுக்குப் பதினெட்டு வரை மாதிரிப் படங்கள் பரப்பப்பட்டிருக்கும். மாதிரியில் குப்புறப் படுத்துச் சிரிக்கும் குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கும். அதே குழந்தை விண்ணப்பத்துக்குப் படமெடுக்க வந்து, அந்த மாதிரியை எடுத்துவிடும்படி கெஞ்சிய நிகழ்வுகளும் உண்டு. உரிமையாளர் எடுப்பதில்லை. கவுன்ட்டரின் மற்றொரு கடமை ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லும் இடமாக இருப்பது. பிரிண்டர் பத்து நிமிடத்தில் படத்தைத் துப்பிவிடும் இக்காலத்திலும் அந்தச் சொல் மறையவில்லை. உடனே வேண்டுமென்றால் அது ‘அர்ஜென்ட்’. அதற்குத் தனிக் கட்டணம். வேகத்துக்குத்தான் விலை என்பதால், சாதாரண ஆர்டர் வேண்டுமென்றே தாமதப்பட்டாக வேண்டும். பொருளாதார நோக்கில் இதில் பிழை ஏதும் இல்லை.

இரண்டாம் பகுதியான கண்ணாடி மூலைதான் ஸ்டுடியோவின் தலைமைச் செயலகம். இங்கே ஆளுயரக் கண்ணாடி, அதன் தலைமேல் ஒரு டியூப் லைட், ஒரு பவுடர் டப்பா, நூலில் கட்டிய ஒரு சீப்பு ஆகியவை இருக்கும். சீப்பைக் கட்டாத ஸ்டுடியோக்களில் சீப்பு இல்லை. இது ஆய்வில் விதிவிலக்கின்றிக் கண்ட உண்மை. நூலின் நீளமும் கவனத்துக்குரியது. மிகக் குட்டையாக இருந்தால் உயரமானவர் குனிந்தே வாரிக்கொள்ள வேண்டும். நீளமாக இருந்தால் பின்மண்டை வரை சீவத் தொடங்கி, வரிசை நகராது. படத்தில் பின்மண்டை விழாது என்று எத்தனை முறை சொன்னாலும் வாடிக்கையாளர் ஏற்பதில்லை. பவுடர் விஷயத்திலும் அப்படியே. எண்ணெய் வழியும் முகம் பிளாஷ் வெளிச்சத்தில் பளபளத்துவிடும் என்பதால் லேசாகப் பூசிக்கொள்வதற்கே டப்பா வைக்கப்பட்டது. நடைமுறையில் அது கழுத்தைத் தொடாமல் முகத்தோடு நின்றுவிடுவதால், பிறகு கழுத்தையும் முகத்தையும் ஒரே நிறமாக்கும் வேலை கம்ப்யூட்டருக்குப் போகிறது.

கண்ணாடிக்கு அருகில் ஆணியில் முன்னொரு காலத்தில் ஒரு கோட் தொங்கியது. யாருக்கும் அளவெடுத்துத் தைத்ததல்ல. முதுகுப்பக்கம் துணி கிளிப்பால் இறுக்கி எல்லாருக்கும் அணிவிக்கப்பட்டது. இப்போது ஆணி இருக்கிறது, கோட் ஹார்டு டிஸ்க்குக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அதைப் படத்தில் ஒட்டிக்கொள்ளலாம். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர், வார்டு கவுன்சிலர் வேட்பாளர், பதினாறாம் நாள் காரியத்துக்காகப் பெரிதாக்கப்படும் தாத்தா ஆகிய மூவரும் ஒரே கோட்டில், ஒரே டையில் காட்சி தருவது இதனால்தான். வாழ்நாளில் மேல்சட்டையே போடாத தாத்தாவை இப்படிப் பார்க்கும் பேரன்மார் யாரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

மூன்றாம் பகுதி படமெடுக்கும் அறை. வெள்ளைத் திரை, நீலத் திரை, அருவியும் மாளிகையும் வரைந்த சீனரித் திரை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகச் சுருட்டி மேலே தொங்கவிடப்பட்டிருக்கும். குடை விளக்குகள் இரண்டு. நடுவில் சாய்மானம் இல்லாத ஸ்டூல்; சாய்மானம் இருந்தால் மனிதர் சாய்ந்துவிடுவார், தோள் இறங்கிவிடும். இங்கு வழங்கும் கட்டளைகள் வரையறுக்கப்பட்டவை: ‘தாடையை இறக்குங்க’, ‘ரொம்ப இறக்காதீங்க’, ‘இயல்பா இருங்க’. மூன்றாவது கட்டளை பிறந்த நொடியிலிருந்து எவரும் இயல்பாக இருந்ததில்லை. கண் சிமிட்டுவது இந்த அறையின் தொழில்முறை நோய். அதற்கு அனுபவஸ்தர் கையாளும் வைத்தியம், ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணத் தொடங்கி இரண்டிலேயே அமுக்கிவிடுவது.

நான்காம் பகுதியான இருட்டறையைச் சுருக்கமாகவே சொல்லலாம். அது இப்போது இல்லை. கறுப்பு வெள்ளைத் தாள் சிவப்பு வெளிச்சத்தைப் பொருட்படுத்தாது என்பதால் அங்கே சிவப்பு பல்பு எரிந்தது. படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ என்ற உப்பின் குணத்தை ஜான் ஹெர்ஷெல் 1819-இலேயே கண்டறிந்திருந்தார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839-இல். கழுவ வேண்டிய படம் வருவதற்கு 20 ஆண்டு முன்பே ஹைப்போ தயாராகக் காத்திருந்தது. ஸ்டுடியோ வரலாற்றில் வாடிக்கையாளர் தரப்பு தாமதித்ததற்கு இதுவே முதல் சான்று. உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் விற்ற தாள்களின் காலிப் பெட்டிகளைப் பழைய ஸ்டுடியோக்கள் எறிந்ததில்லை. தாள் தீர்ந்தது, பெட்டி கோப்பானது; ரசீது, நெகட்டிவ், மின்கட்டண அட்டை எல்லாம் அதற்குள் அடங்கின. இருட்டறையில் இப்போது கம்ப்யூட்டரும் பிரிண்டரும் உள்ளன. ஜன்னல் மட்டும் இன்னும் திறக்கப்படவில்லை.

உற்பத்திப் பிரிவின் தலையாய பொருள் பாஸ்போர்ட் சைஸ் படம். அளவு 3.5 செ.மீ.க்கு 4.5 செ.மீ. நான்குக்கு ஆறு அங்குலத் தாளில் இது 8 பிரதியாக அடங்கும். விண்ணப்பத்துக்குத் தேவை இரண்டு. மீதி ஆறும் பர்ஸிலும் பீரோவிலும் தங்கி, அடுத்த முறை ‘சமீபத்தில் எடுத்த படம்’ கேட்கப்படும்போது பயனற்றுப் போகின்றன; தொழில் நிற்பது இந்த ஆறின் மேல்தான். இதில் வியப்பு என்னவென்றால், பாஸ்போர்ட் சேவா மையங்களில் பெரியவர்களை அங்கேயே உட்காரவைத்துப் படமெடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே பள்ளிச் சேர்க்கை முதல் பேங்க் கணக்கு வரை எல்லாவற்றுக்கும் கேட்கப்படும் பாஸ்போர்ட் சைஸ் படம், பாஸ்போர்ட் எடுக்கும் பெரியவருக்கு மட்டும் வேண்டியதில்லை.

கோப்பு நிர்வாகம் தனி நூலுக்குரிய விஷயம். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. சிறுநகர ஸ்டுடியோவில் மூன்றாம் பிரதி பெண் வீட்டார் பென்டிரைவில் இருப்பதாகக் கருதப்படுகிறது. கம்ப்யூட்டரில் ‘பைனல்’, ‘பைனல் பைனல்’, ‘பைனல் ஓகே’ என்று மூன்று கோப்புறைகள் இருந்தால், ஆல்பம் போனது நான்காவதிலிருந்து. எனினும் எதுவும் தொலைவதில்லை. ‘மண்டபத்தில் கரண்ட் போச்சே, அந்தக் கல்யாணம்’ என்று பல வருடம் கழித்து வந்து கேட்டாலும் உரிமையாளர் ஹார்டு டிஸ்க்கை எடுத்துக் கொடுத்துவிடுவார். பெயர், தேதி எதுவும் அவருக்கு வேண்டாம்; கரண்ட் போனது போதும்.

முழு இருப்புக் கணக்கெடுப்பு ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நடக்கும். முகூர்த்தமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் செய்ய நேரம் உண்டு, ஆனால் செய்வதில்லை. ஆயுத பூஜைக்காக எல்லாவற்றையும் இறக்கித் துடைக்கும்போதுதான் போன வருடம் காணாமற்போன லென்ஸ் மூடியும் வேறு யாரோ எடுத்ததாகச் சந்தேகிக்கப்பட்ட சார்ஜரும் அகப்படும். கேமராவுக்குச் சந்தனம் குங்குமம் இடுகையில் லென்ஸில் படாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

அன்று மிஞ்சுவது ஒரு பெட்டி: முன்பணம் கட்டிவிட்டு வாங்க வராதவர்களின் கவர்கள். கல்லூரியில் சேர்ந்தவர், வேலை கிடைத்தவர், சேராமற்போனவர், கிடைக்காமற்போனவர் எல்லார் முகமும் அதில் உண்டு. ரசீதை வைத்திருப்பவர்கள் பாக்கியைக் கொடுத்துவிட்டுப் படத்தை வாங்கிக்கொள்ளவும். ரசீது தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. முகத்தைக் காட்டினால் போதும்.