நாற்பது மதிப்பெண் நிச்சயம்

தரங்கம்பாடியில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் தனக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று கேட்டால் ஊரே இலவசமாகத் தீர்ப்பு சொல்லிவிடும்: "அவரு ஒரு மாதிரி!" வைத்தியமும் தயார், கால்கட்டு.

அரசுக்கு அது போதாது. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் பட்டியலில் சேர்த்தது. சான்றிதழுக்கு அளந்து பார்க்க ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல்: 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. ஒன்றுமே இல்லாதவருக்கும் 40 நிச்சயம். 70-ஐ எட்டினால்தான் ஆட்டிசம். (பள்ளிக்கூடத்தில் இந்தத் தாராளத்தைக் காணோம்.)

சின்ன வயசுக் கதை சொல்ல அம்மா வேண்டுமே! மயிலாடுதுறை பஸ்ஸில் வந்திறங்கிய அம்மாவிடம் டாக்டர் கேட்கிறார்: "கண்ணைப் பார்த்துப் பேசுவாரா?"

"பெரியவங்க முன்னாடி தலையே நிமிர மாட்டான் சார், அவ்வளவு மரியாதை!"