கம்பி பல்லுக்கு, காவல் ஈறுக்கு

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாத்தளை மாவட்டத்திலிருந்து வந்தவை. எல்லாம் பல் கம்பியையும் ஈறையும் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழ் முழுவதும் அவற்றுக்கே.

கம்பி கட்டி இரண்டு மாதம். பல் துலக்கினால் இரத்தம் வருகிறது. அதனால் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறேன். சரிதானே?
*மாணவி, ரத்தோட்டை*

சரியில்லை, தங்கச்சி. தொடாமல் விடுவதால்தான் இரத்தம் வருகிறது. கம்பியைத் தாங்கப் பல்லில் பதித்த பிராக்கெட்டைச் சுற்றி ஒட்டும் சோற்றுப் பருக்கை கண்ணுக்குத் தெரியும். அதன் அடியில் படியும் கிருமிப் படலம் தெரியாது. ஈறு வீங்குவதும் இரத்தம் கசிவதும் அந்தப் படலத்தால்தான். மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து மெதுவாகத் துலக்குங்கள். பிறகு பிராக்கெட்டுக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. ஒழுங்காகச் செய்தால் ஒன்று, இரண்டு வாரத்தில் இரத்தம் குறையும். குறையாவிட்டால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

மகனுக்கு 14 வயது. ஈறு வீங்கிப் பிராக்கெட்டையே மூடப் பார்க்கிறது. கம்பியைக் கழற்றிவிடச் சொல்லட்டுமா?
*ஒரு தாய், எல்கடுவ*

முதலில் அழுக்கைக் கழற்றுவோம், அம்மா. பருவ வயதில் ஹோர்மோன் மாற்றத்தால் ஈறு சிறு தூண்டலுக்கும் பெரிதாக வீங்கும். வைத்தியர் பல்லில் படிந்த காறையை எடுக்கும் ஸ்கேலிங் செய்து, துலக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பார். தேவைப்பட்டால் கம்பியைச் சில காலம் எடுத்து வைத்து ஈறை ஆறவிடுவார். இந்த வீக்கம் பெரும்பாலும் சிகிச்சை முடிந்து சில மாதங்களில் வடிந்துவிடும். வடியாத சிலருக்கு, மிகுந்த சதையை அகற்றும் சிறிய சத்திரசிகிச்சை உண்டு. கம்பியைக் கழற்றும் முடிவை வைத்தியரிடம் விடுங்கள். இரவில் மகனின் வாயைப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

எங்கள் தாத்தா தோட்டத்தில் வேலை செய்தவர். பிரஷைக் கண்டதே இல்லை. கடைசி வரை பல் விழவில்லை. எங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?
*இளைஞர், உக்குவளை*

தாத்தா கொடுத்து வைத்தவர், தம்பி. ஆனால் அவரைப் போன்றவர்கள் குறைவு என்பதற்கு நம் மலையகமே சாட்சி. 1970இல் நோர்வேயைச் சேர்ந்த பல் மருத்துவ அறிஞர் ஹரால்ட் லோவின் குழு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. அப்போது அவர்களின் வயது 14 முதல் 31 வரை. 1985 வரை அவர்களையே மீண்டும் மீண்டும் பார்த்தார்கள். நாம் இன்று செய்வதுபோல் பல் துலக்கும் பழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறு அழற்சி இருந்தது. சுமார் 11 வீதமானோருக்கு நோய் ஈறோடு நின்றுவிட்டது. 81 வீதமானோருக்குப் பல்லின் பிடிமானம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. மீதி 8 வீதமானோருக்கு வேகமாகப் போனது. அவர்கள் 35 வயதுக்குள் சராசரியாக 9 மில்லிமீற்றர் பிடிமானத்தை இழந்திருந்தார்கள்.

இந்த மூன்றில் உங்கள் இடம் எது என்பதை 15 வயதில் வாயைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் கெடுபிடி எல்லோருக்கும். ஈறு நோயின் போக்கை உலகம் படித்தது நம் தோட்டத்து மக்களின் வாயிலிருந்து. அந்தப் படிப்பின் பலன் முதலில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும்.

எனக்கு 38 வயது. இனிக் கம்பி கட்டலாமா?
*ஆசிரியை, மாத்தளை*

வயது தடையில்லை, ஈறு நோய் தடை. கம்பி அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரையும், எதிர்ப்பக்கத்தில் புதிதாக வளரும். பல் நகர்வது அப்படித்தான். ஈறு அழற்சி ஆழமாக இறங்கியிருந்தால் கரைவது மிஞ்சும், வளர்வது குறையும். மழையில் ஊறிய மண்ணில் மிளகுக் கொடிக்கு நட்ட காலை ஆட்டி நிமிர்த்தினால் என்னாகும்? கால் நிமிர்வதற்குள் பிடி போய்விடும். அதனால் முதலில் ஈறின் ஆழத்தை அளந்து, எக்ஸ்ரே எடுத்து, நோய் இருந்தால் அதைக் கட்டுப்படுத்துங்கள். நீரிழிவு இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அம்லோடிபின், நிபெடிபின் போன்ற பிரஷர் மாத்திரைகளும் வலிப்புக்கான பெனிடொயினும் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். போடும் மாத்திரைகளை எல்லாம் வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

வாசனைத் திரவியத் தோட்டத்தில் கராம்பு எண்ணெய் வாங்கினேன். ஈறில் தடவலாமா?
*வாசகர், பலாபத்வெல*

கராம்பிலுள்ள யூஜினோல் வலியை மரத்துப்போகச் செய்யும், நோயை ஆற்றாது. கலப்பில்லாத எண்ணெயை நேரடியாகத் தடவினால் ஈறு வெந்துபோகவும் கூடும். மாத்தளைக் கராம்பின் மணம் குழம்பில் இருக்கட்டும். கம்பி குத்திப் புண்ணானால் கம்பிக்கென்றே விற்கும் மெழுகை அந்த முனையில் ஒட்டுங்கள், வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளியுங்கள்.

எனது முரசு, அதாவது ஈறு, கறுப்பாக இருக்கிறது. இது நோயா?
*மாணவர், நாவுல*

நம்மில் பலருக்கு முரசின் இயற்கை நிறமே அதுதான். பயம் வேண்டாம். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் பொருந்தாது. வீக்கம், இரத்தம், வாய் நாற்றம், பல் ஆட்டம் ஆகிய நான்கையும் கவனியுங்கள். புகைப்பவர்களுக்கு நோய் இருந்தும் இரத்தம் குறைவாகவே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நோன்பு காலத்தில் மிஸ்வாக் குச்சி போதுமா?
*ஒரு சகோதரர், வரக்காமுறை*

மிஸ்வாக் பல்லின் வெளிப்பக்கத்தை நன்றாகவே சுத்தம் செய்யும். கம்பிக்கு அடியில் அதனால் நுழைய முடியாது. சஹர் உணவுக்குப் பிறகும் இரவு படுக்கும் முன்னும் பிரஷோடு, பல்லிடுக்கில் நுழையும் குட்டி பிரஷையும் பயன்படுத்துங்கள். பகலில் மிஸ்வாக் தொடரட்டும்.

கொப்பளிக்கும் மருந்து வாங்கியதிலிருந்து பல் மண்ணிறமாகிறது. ஏன்?
*வாசகி, கலேவெல*

அது குளோர்ஹெக்சிடினாக இருக்கும். நல்ல மருந்துதான். ஆனால் தேநீரோடு சேர்ந்தால் பல்லில் கறை பிடிக்கும். வைத்தியர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பாவியுங்கள். பற்பசை பட்டால் அதன் வலு குறையும் என்பதால், துலக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள். கறையை ஸ்கேலிங்கில் அகற்றிவிடலாம்.

முத்துமாரியம்மன் தேர் வருகிறது. கச்சான், முறுக்கு எதுவுமே கூடாதா?
*மாணவி, மாத்தளை*

கச்சானும் முறுக்கும் பிராக்கெட்டைப் பெயர்க்கும். தொதல் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் ஈறுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். பொங்கல், வாழைப்பழம், வடையின் மென்மையான உட்பகுதி எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். வெற்றிலை பாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பாக்கு கம்பியை உடைக்கும் என்பது சிறிய காரணம். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய் என்பது பெரிய காரணம்.

தனியாரில் கம்பி கட்ட வசதியில்லை. என்ன செய்வது?
*ஒரு தந்தை, தம்புள்ளை*

அரச வைத்தியசாலைப் பல் பிரிவில் காட்டி, பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். வரிசை நீளம்தான். ஆனால் காத்திருக்கும் காலம் வீண் போகாது. ஸ்கேலிங்கை அருகிலுள்ள அரச வைத்தியசாலையிலேயே இலவசமாகச் செய்துகொள்ளலாம். ஈறு சுத்தமில்லாத வாயில் வைத்தியர்கள் கம்பி கட்டத் தயங்குவார்கள். உங்கள் முறை வரும்போது பிள்ளையின் ஈறு தயாராக இருக்கட்டும்.

கம்பி கட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரே ஒரு ஆலோசனை?
*வாசகர், எல்கடுவ*

கம்பி இருப்பது ஒன்றரை, இரண்டு வருடம். ஈறு இருக்க வேண்டியது ஆயுள் முழுவதும். வைத்தியர் மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார். மற்ற எல்லா இரவுகளும் உங்கள் கையில். தூங்கும் முன் பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். அழுக்குத் தெரிந்தால் எவ்வளவு தூக்கம் வந்தாலும் மறுபடி துலக்கச் சொல்லுங்கள். இன்றிரவே தொடங்குங்கள்.