ரெண்டு ஆளு கூடுதலா வேணும் மாப்ள

வாங்க மாப்ள. கொடைக்கானல் லாட்ஜ் முதலாளி பண்ணைக்காடு வரைக்கும் இறங்கி வந்திருக்கீகன்னா காரியம் இல்லாம இருக்காது. ஆள் எடுத்தா சர்க்கார் காசு தருதாமேன்னுதானே கேக்குறீக? தருது. பிரதம மந்திரி விகசித் பாரத் ரோஜ்கார் யோஜனான்னு பேரு. சொல்லி முடிக்கவே ஒரு டம்ளர் காப்பி வேணும். 2025 ஆகஸ்ட் 1லேர்ந்து 2027 ஜூலை 31க்குள்ள சேர்க்குற ஆளுக்கு. அடுத்த குறிஞ்சிப் பூவு 2030ல. கூட்டம் வரட்டும், அப்புறம் எடுப்போம்னு இருந்தீகன்னா திட்டம் மூடிப்போயிருக்கும்.

பி.எஃப். கணக்குல சம்பளம் பத்தாயிரத்தைத் தாண்டி இருபதாயிரம் வரைக்கும் இருந்தா, ஆளுக்கு மாசம் 2,000 ரூபா, ரெண்டு வருஷத்துக்கு. பொருள் தயாரிக்கிற தொழிலுன்னா நாலு வருஷம். அதுக்காக நாளைக்கே லாட்ஜை சாக்லேட் கம்பெனின்னு எழுதிப்புடாதீக.

ஆனா நம்ம வழக்கம் வேறல்ல? ஏப்ரல்ல பூம்பாறைப் பயலுகளைக் கூப்பிட்டு பெட்ஷீட் மடிக்கச் சொல்றது, சீசன் முடிஞ்சதும் 'சொல்லி அனுப்புறேன்டா'ன்னு பஸ் ஏத்துறது. சர்க்காரு ஆறு மாசமாவது ஆள் நிக்கணுங்குது. ஐம்பது பேருக்குக் கீழ வச்சிருக்கிற இடத்துல, இருக்குற ஆளுகளுக்கு மேல ரெண்டு பேராவது கூடணும். மாஸ்டரை நிறுத்திட்டு அவரு மச்சானைச் சேர்த்தா தலைக்கணக்கு ஏறாது மாப்ள. இல்லாத ஆளை எழுதுவோம்னாலும் தோது இல்ல. புது ஆளு செல்போன்ல மூஞ்சியைக் காட்டித்தான் பி.எஃப். நம்பரே வாங்கணும். உங்க மூஞ்சி செல்லாது.

இன்னொரு கூத்து. பதினஞ்சாயிரம் சம்பளத்துக்கு முதலாளி பங்கு பி.எஃப்., இன்சூரன்ஸ், நிர்வாகச் செலவு எல்லாஞ் சேத்து 13 சதவீதம். 1,950 ரூபா. வர்றது 2,000. மிச்சம் அம்பது ரூபா! அதுல புதுக் கட்டடம் எழுப்பலாம்னு இருந்தீகளோ? முதல் தடவை வேலைக்கு வர்ற பயலுக்கு ஒரு மாசச் சம்பளம், 15,000 வரைக்கும், ரெண்டு தவணையா அவன் கணக்குக்கே போகுது. அதைச் சம்பளத்துல கழிச்சுக்கலாமான்னு கேக்காதீக, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

தொழில் கத்துக்குடுக்கவும் பங்கு உண்டு, அது வேற திட்டம். அப்ரண்டிசா சேர்த்தா உதவித்தொகையில கால்வாசி, மாசம் 1,500க்கு மிகாம, மத்திய சர்க்கார் பாத்துக்கும். 2023லேர்ந்து அதுவும் நேரா பயலோட பேங்குக்குத்தான். மீதி உங்க கல்லாவுலேர்ந்து. ஆனா வருஷம் முழுக்க இருந்து பழகுனவன் ஒருத்தன் இருந்தான்னா, மே மாசக் கூட்டத்துல நீங்களே ரூம் ரூமா வாளி தூக்கிட்டு அலைய வேண்டியதில்ல. அந்த லாபத்தை மட்டும் எந்தப் பாரத்துலயும் எழுதச் சொல்ல மாட்டேங்குறாக.

சரி, ரெண்டு பேரு வேணும்ல? ஒரு ஆளு இந்தா அடுப்படியில நிக்கிறா, என் பேத்தி, கேட்டரிங் படிச்சிருக்கா. சம்பளம் பதினாறாயிரம், பன்னெண்டு மாசத்துக்கும். இன்னொரு ஆளை நீங்க தேடிக்கங்க.