மாளிகை விடுதியில் விருந்தினராய் இருத்தல்: ஓர் ஆய்வு

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் 'கன்ட்ரி ஹவுஸ் ஹோட்டல்' என வழங்கும் விடுதி, அதாவது ஒரு காலத்தில் பிரபுக் குடும்பம் குடியிருந்து, பின்னர் காசுக்கு அறை தரும் நிலைக்கு வந்த மாளிகை, ஏனைய விடுதிகளிலிருந்து ஒரே இலக்கணத்தால் வேறுபடுகிறது: பணம் கொடுப்பவரும் வாங்குபவரும் அப்படி ஏதும் நடப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை.

இவ்வினம் தழைத்ததற்கு வரியும் ஒரு காரணம். இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது 1894இல் விதிக்கப்பட்ட மரண வரி, 1949இல் மிகப் பெரிய சொத்துகளுக்கு 80 விழுக்காடாக உயரவே, வாரிசுகளில் சிலர் மாளிகையை இடித்தனர், சிலர் விற்றனர். அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் பிரான்சிஸ் கூல்சன் 1948இல் தொடங்கிய ஷாரோ பே இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஆஸ்டர் குடும்பத்தின் கிளிவ்டன் 1980களில் விடுதியாயிற்று.

இரவு உணவுக்கு இறங்கிவரும் விருந்தினர் நேரே சாப்பாட்டு மேசைக்குச் செல்லலாகாது. முதலில் 'டிராயிங் ரூம்' எனப்படும் கூடத்தில், கணப்பின் எதிரே, எழுந்திருக்க இரு கைகளையும் ஊன்ற வேண்டிய அளவுக்கு அமிழும் சோபாவில் உட்கார வேண்டும். உணவுப் பட்டியல் அங்கேயே வரும், வாய்க்கு எட்டியும் வயிற்றுக்கு எட்டாத தின்பண்டங்கள் வரும், வேண்டியதைக் கேட்டுப் போன பணியாளர் முதல் தட்டு ஆயத்தமான பின்னரே வந்து அழைப்பார். உண்டு முடித்ததும் காப்பிக்காக மறுபடியும் அதே சோபாவுக்குத் திரும்ப வேண்டும். மாளிகையியலில் இதனை இருக்கை மாற்றக் கோட்பாடு எனலாம். பசித்தவர் குடிமகன், பசியைக் காட்டிக்கொள்ளாதவர் பிரபு என்பது இதன் உட்கிடை.

குளியலறையின் இரு குழாய்கள் தனி நூலுக்கு உரியவை. குளிர்நீர் ஊர்க் குழாயிலிருந்து நேரே வர, வெந்நீரோ கூரைக்கடியில் உள்ள தொட்டியின் வழியாக வந்ததால், எலியோ புறாவோ விழுந்திருக்கக்கூடிய அந்நீர் குடிநீரோடு கலவாதிருக்க முன்னோர் இரண்டையும் பிரித்து வைத்தனர். காரணம் போன பின்னும் குழாய்கள் நிலைத்தன. எனவே விருந்தினர் ஒரு கையைச் சுட்டுக்கொண்டு மறு கையை விறைக்கவிட்டு, சராசரியில் இதமாகக் கழுவிக்கொள்கிறார். ஜன்னல் இடுக்கில் நுழையும் வாடைக்கோ சட்டத்தின் காவலே உண்டு: பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இடம்பெற்ற மாளிகையின் பழைய ஜன்னலை அனுமதியின்றி மாற்றுவது குற்றமாகும். இதே குளிர் சாதாரண விடுதியில் புகாராகும், இங்கே அது பாரம்பரியம்.

புறப்படும் நாளில் மட்டும் மேற்சொன்ன இலக்கணம் சற்றே தளர்ந்து, உறையிலிட்ட பில் வருகிறது. அதில் சேவைக் கட்டணம், பெரும்பாலும் 12.5 விழுக்காடு, விருப்பத்துக்கு உட்பட்டது என்ற குறிப்போடு சேர்ந்திருக்கக் காணலாம். அதை நீக்கச் சொல்லும் உரிமை விருந்தினருக்கு உண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் புன்னகையோடு ஒருவர் நிற்கையில் அவ்வுரிமையைப் பயன்படுத்தும் நெஞ்சுரம் மட்டும் அறை வாடகையில் அடங்காது.